பத்தாம் நாள் நெகட்டிவும் டாக்டரிடம் சொல்லாத ஒரு வரியும்

வந்த கேள்வியை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். எழுதியவருக்கு 25 வயது, கோவையில் வேலை, ஆண்கள்மீது மட்டுமே ஈர்ப்பு. மூன்று வாரத்துக்கு முன்னால் ஆப்பில் அறிமுகமான ஒருவரோடு உறவு. இவர் பாட்டம், அதாவது பின்வழியாக உறவை ஏற்றவர். பாதியில் காண்டம் கிழிந்திருக்கிறது, எல்லாம் முடிந்த பிறகுதான் பார்த்திருக்கிறார்கள். பத்தாம் நாள் தனியார் லேபில் எச்ஐவி டெஸ்ட் எடுத்தார், நெகட்டிவ். "அப்படியும் தூக்கம் வரல" என்கிறார். கூடவே நான்கு கேள்விகள்: ஓரலில் எச்ஐவி வருமா? அந்த ஆள் பிறகு மெசேஜில் "நான் பாசிட்டிவ், ஆனா அன்டிடெக்டபிள்" என்று சொன்னான், அதாவது மருந்தால் கிருமி டெஸ்டில் தெரியாத அளவுக்கு இறங்கிவிட்டதாம், நம்பலாமா? எச்ஐவி வராமல் தடுக்கும் ப்ரெப் மாத்திரை ஆரம்பிக்கலாமா? வீட்டில் பெண் பார்க்கிறார்கள், என்ன செய்வது?

தம்பி, நான் டாக்டர் இல்லை. அரசு மருத்துவமனையில் எச்ஐவி டெஸ்ட் எடுக்கும் நம்பிக்கை மையத்தில் பல வருடம் ஆலோசகராக உட்கார்ந்திருந்தவன். ரத்தம் எடுப்பதற்கு முன்னும் பின்னும் பேசுவதுதான் என் வேலை. அதனால் மாத்திரை மருந்து விஷயத்தில் நான் சொல்வதை ஒரு டாக்டரிடம் சரிபார்த்துக்கொள்ளுங்கள். மற்றதை என் பொறுப்பில் சொல்கிறேன்.

முதலில் அந்த நெகட்டிவ். பத்தாம் நாள் ரிசல்ட்டை வைத்து நிம்மதியாகவும் முடியாது, பயப்படவும் முடியாது. அது அந்த இரவைப் பற்றி ஒன்றுமே சொல்லவில்லை. கிருமி உள்ளே வந்தாலும் டெஸ்டில் தெரிகிற அளவுக்கு வளர நாளாகும். விரல் நுனியில் ஒரு சொட்டு எடுத்துப் பார்க்கும் ரேபிட் டெஸ்ட் பெரும்பாலும் ஆன்டிபாடியை மட்டும் தேடுவது. அது உறுதியான பதில் தர 90 நாள் வரை ஆகலாம். லேபில் நரம்பில் ரத்தம் எடுத்துச் செய்யும் நான்காம் தலைமுறை டெஸ்ட் ஆன்டிபாடியோடு கிருமியின் பி24 புரதத்தையும் சேர்த்துத் தேடும். 18 முதல் 45 நாளுக்குள் அது பிடித்துவிடும். கிருமியின் மரபுப்பொருளையே தேடும் நேட் டெஸ்ட் இன்னும் சீக்கிரம், 10 முதல் 33 நாள். விலை அதிகம்.

உங்கள் ரிப்போர்ட்டை எடுத்து எந்த டெஸ்ட் என்று பாருங்கள். 'ஃபோர்த் ஜென்', 'காம்போ' என்று ஏதாவது அச்சாகியிருக்கும். இன்று உங்களுக்கு 21ஆம் நாள். இப்போது ஒரு நான்காம் தலைமுறை டெஸ்ட் எடுத்தால் பாதி மனசு லேசாகும். 45ஆம் நாள் இன்னொன்று எடுங்கள். அதுவும் நெகட்டிவ் என்றால் அந்த இரவின் எச்ஐவி கணக்கு பெரும்பாலும் முடிந்தது. நம்பிக்கை மையத்தில் இலவசமாக எடுப்பதென்றால் மூன்று மாதம் முடிந்து எடுப்பதே கடைசி முத்திரை. இடையில் காய்ச்சல், தொண்டை வலி, உடம்பில் தடிப்பு என்று கூகுளில் தேடித் தேடி உங்களை நீங்களே பரிசோதித்துக்கொண்டிருக்காதீர்கள். நம் ஊரில் அந்த மூன்றும் சேர்ந்து வந்தால் டெங்குவாகவும் இருக்கலாம், தூக்கமில்லாத உடம்பில் சாதாரண சளியாகவும் இருக்கலாம். உடம்பு சரியில்லையென்றால் டாக்டரைப் பாருங்கள். ரத்தம் சொல்வதுதான் பதில்.

இன்னொன்றையும் ஒளிக்காமல் சொல்ல வேண்டும். பெப் என்று ஒரு வழி இருந்தது. காண்டம் கிழிந்தால் 72 மணி நேரத்துக்குள் தொடங்கி 28 நாள் சாப்பிடும் மாத்திரை. எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு பலன், முதல் சில மணி நேரத்திலேயே போட்டால் ரொம்ப நல்லது. உங்களுக்கு அந்தக் கதவு மூடிவிட்டது. அடுத்த முறை இப்படி நேர்ந்தால் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். பெரிய அரசு மருத்துவமனையின் அவசரப் பிரிவிலோ, எச்ஐவி மருந்து தரும் ஏஆர்டி மையம் திறந்திருக்கும் நேரமானால் அங்கேயோ கேளுங்கள். கிடைக்காவிட்டால் தொற்றுநோய் பார்க்கும் தனியார் டாக்டர். ஞாயிற்றுக்கிழமை என்று திங்கள்வரை ஒத்திப்போட்டு மூன்றாம் நாள் மாலையில் வந்து நின்றவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

சரி, ஆண்களோடு உறவுகொள்ளும் ஆண்களுக்கு மட்டும் ஏன் இந்த எண்ணிக்கை அதிகம்? அரசின் 2021 கண்காணிப்புக் கணக்கில் இந்தியாவில் இந்தப் பிரிவினரிடம் எச்ஐவி 3.26 சதவீதம். பொதுவாக வயதுவந்தோரிடம் 0.21 சதவீதம். ஏறக்குறைய பதினைந்து மடங்கு. இதைப் படிக்கிற பலர் உடனே நடத்தை, ஒழுக்கம் என்று போய்விடுவார்கள். காரணம் அங்கே இல்லை, முதல் காரணம் உடம்பின் அமைப்பில் இருக்கிறது.

மலக்குடலின் உள்சுவர் ஒரே ஒரு அடுக்குச் செல்லால் ஆனது. நீரை உறிஞ்சுவதற்கென்று அமைந்த சுவர் அது. பெண்குறியின் சுவர் பல அடுக்கு. அந்த ஒற்றை அடுக்குக்குக் கீழேயே எச்ஐவி தேடிப் போகும் நோய் எதிர்ப்புச் செல்கள் குவிந்திருக்கின்றன. அதனால்தான் சிகிச்சையில் இல்லாத பாசிட்டிவ் நபரோடு காண்டம் இல்லாமல் பாட்டமாக இருந்தால் ஒரு தடவைக்குத் தொற்றும் வாய்ப்பு சுமார் 1.4 சதவீதம். டாப்பாக, அதாவது உள்ளே செலுத்துபவராக இருந்தால் 0.11. பெண்ணுக்கு ஆணிடமிருந்து பெண்குறி வழி 0.08. உங்கள் விஷயத்தில் அந்த ஆள் சிகிச்சையில் இல்லை என்றே வைத்துப் பார்த்தாலும் நூற்றுக்கு ஒன்றரைக்கும் குறைவு. தூக்கம் வராத இரவில் இந்தக் கணக்கை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் இது சராசரிதான். அந்த ஆளுக்குக் கிருமி புதிதாக வந்த வாரங்களாக இருந்தாலோ, யாருக்காவது அங்கே புண் இருந்தாலோ வாய்ப்பு ஏறும்.

இரண்டாவது காரணம் அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. ஆண், பெண் உறவில் பெண்ணுக்குத் தொற்றுவது எளிது, அவளிடமிருந்து ஆணுக்குப் போவது அதைவிடக் கடினம். கிருமிக்கு அது ஒரு வேகத்தடை. ஆண்களுக்கிடையே ஒரே ஆள் இன்று பாட்டம், நாளை டாப். வாங்கிய வழியில் எளிதாக வாங்குகிறார், கொடுக்கும் வழியிலும் எளிதாகக் கொடுக்கிறார். வேகத்தடையே இல்லை. நம் ஊர் வட்டாரத்தில் பாட்டத்தைக் கோத்தி, டாப்பைப் பந்தி என்று பிரித்துப் பேசுவார்கள், இரண்டுமாக இருப்பவரை டபுள் டெக்கர் என்பார்கள். பெயர் வேடிக்கையாக இருந்தாலும் தொற்றுநோய்க் கணக்கில் அது முக்கியமான சொல். மூன்றாவது, வட்டம் சின்னது. கோவையில் ஆப்பைத் திறந்தால் யார் யார் வருவார்கள் என்று உங்களுக்கே மனப்பாடமாகியிருக்கும். சின்னக் குளத்தில் கல் விழுந்தால் அலை எல்லாக் கரையையும் தொடும்.

நான்காவது காரணம் வாயில் வராத வார்த்தை. அதைப் பற்றித்தான் எனக்கு அதிகம் சொல்ல இருக்கிறது.

ஒரு நாள் மதியம் முப்பதைத் தாண்டிய ஒருவர் என் மேசைக்கு வந்தார். கையில் பிளாஸ்டிக் உறை. அதில் மூலத்துக்குப் போடும் இரண்டு ட்யூப் க்ரீம், மலம் இளக்கும் மருந்துச் சீட்டு, லாட்ஜில் வந்து பார்க்கும் வைத்தியர் கொடுத்த ஒரு லேகிய டப்பா. இரண்டு மாதமாக மூலம் என்று வைத்தியம். உட்கார்ந்தால் வலி, கழிவறைக்குப் போனால் லேசாக ரத்தம். அவர் என்னிடம் வந்ததும் மூலத்துக்காக இல்லை, உள்ளங்கையில் செம்புக் காசு மாதிரி வட்ட வட்டமாகத் தடிப்பு. சருமப் பிரிவில் பார்த்த டாக்டர் சந்தேகப்பட்டு அனுப்பியிருந்தார். நான் கதவைச் சாத்திவிட்டு, "உறவு ஆணோடா, பெண்ணோடா, ரெண்டு பேரோடும் உண்டா?" என்று சோறு சாப்பிட்டாச்சா என்பது போலக் கேட்டேன். தலையைக் குனிந்தபடி, "இத இதுவரைக்கும் யாரும் கேக்கல சார்" என்றார்.

விடிஆர்எல் டெஸ்ட் பாசிட்டிவ். சிஃபிலிஸ், நம் பாட்டிமார் பறங்கிப்புண் என்று சொன்ன அதே நோய். ஆசனவாய் ஓரத்தில் வந்த முதல் புண்தான் இரண்டு மாதமாக மூலமாக இருந்தது. ஆரம்ப நிலையில் இதற்கு வேண்டியது பென்சத்தீன் பெனிசிலின் ஊசி, மொத்தம் 24 லட்சம் யூனிட், இடுப்பில் பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு குத்து. ஒரே நாளில் முடிகிற வைத்தியம். அவர் இரண்டு மாதம் அலைந்தது ஒரு வரியைச் சொல்லாததால். அந்த டாக்டர்களும் கேட்கவில்லை என்பதையும் சேர்த்தே சொல்கிறேன். கல்யாணமானவர் என்றால் மனைவியோடு மட்டும்தான் என்று எண்ணிக்கொள்கிற பழக்கம் நம் மருத்துவமனைகளில் ஊறிப்போனது.

உங்கள் கடிதத்தில் இதே குறை இருக்கிறது. நீங்கள் எச்ஐவிக்கு மட்டும் பயப்படுகிறீர்கள், லேபில் கேட்டதும் அது ஒன்றுதான். அந்த இரவில் உங்களுக்கு எது வந்திருக்க வாய்ப்பு அதிகம் என்று கேட்டால் நான் சிஃபிலிஸ், வெட்டை என்கிற கொனோரியா, கிளமிடியா இவற்றைத்தான் முதலில் சொல்வேன். சிஃபிலிஸ் புண் பெரும்பாலும் வலிக்காது. பத்து நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் எப்போது வேண்டுமானாலும் வரும், தானாக ஆறியும் விடும். ஆறிவிட்டது என்று நாம் மறந்த பிறகு உள்ளங்கை, உள்ளங்காலில் தடிப்பாகத் திரும்பும். அப்புறம் அதுவும் மறைந்து, வருடக்கணக்கில் உள்ளே இருந்து கண், நரம்பு, இதயம் என்று கை வைக்கும்.

கொனோரியா, கிளமிடியா வேறு மாதிரி ஏமாற்றும். தொண்டையிலும் மலக்குடலிலும் இருந்தால் பெரும்பாலும் அறிகுறியே இருக்காது. சிறுநீர் டெஸ்ட் எடுத்தால் சிறுநீர்க்குழாயில் இருப்பது மட்டும்தான் தெரியும். பாட்டமாக இருந்தவர் சிறுநீர் கொடுத்து "எல்லாம் க்ளீன்" என்று ரிப்போர்ட் வாங்கி வந்தால், பூட்டு ஒரு கதவில் இருக்க வேறொரு கதவைத் தட்டிப் பார்த்த கதை. தொண்டையிலும் ஆசனவாயிலும் பஞ்சுக்குச்சி வைத்து மாதிரி எடுக்க வேண்டும். அதை எடுக்கச் சொல்ல வேண்டுமென்றால் உறவு எங்கே நடந்தது என்பதைச் சொல்ல வேண்டும். அந்த ஒரு வரி இல்லாமல் உலகத்தின் சிறந்த லேபாலும் உதவ முடியாது.

எப்படிச் சொல்வது? நான் பழக்கிக்கொடுத்த வாக்கியம் இது: "ஆண்களோடு உறவு இருக்கு. வாய் வழியாவும் பின்வழியாவும். அதுக்கேத்த மாதிரி டெஸ்ட் பண்ணணும்." மூன்று சிறு வாக்கியம். வீட்டுக் கண்ணாடி முன் ரெண்டு தடவை சொல்லிப் பாருங்கள், சிரிப்பு வரும், பரவாயில்லை. நேரில் வாய் வரவில்லையென்றால் ஃபோனில் டைப் செய்து நீட்டுங்கள். அப்படி நீட்டியவர்கள் நிறையப் பேர். அரசு மருத்துவமனைகளில் பால்வினை நோய்க்கான பிரிவுக்கு சுகவாழ்வு மையம் என்று பெயர். அங்கே சிஃபிலிஸ் டெஸ்டும் மருந்தும் இலவசம். பஞ்சுக்குச்சி மாதிரி எல்லா இடத்திலும் எடுக்க மாட்டார்கள், அதற்கு மருத்துவக் கல்லூரியோ பெரிய லேபோ தேவைப்படும்.

முகம் சுளிக்கிற டாக்டர் கிடைத்தால்? எழுந்து வேறு டாக்டரிடம் போங்கள். "இதை மாற்றிவிடலாம், சிகிச்சை இருக்கு" என்று ஒருவர் சொன்னால் இன்னும் வேகமாக எழுந்திருங்கள். சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் 2021 ஜூனில் தந்த உத்தரவு பாலீர்ப்பை மாற்றுவதாகச் சொல்லும் வைத்தியத்தைத் தடுக்கச் சொன்னது. அதன் தொடர்ச்சியாக அடுத்த வருடமே தேசிய மருத்துவ ஆணையம் அதைத் தொழில் ஒழுக்கக்கேடு என்று அறிவித்தது. எச்ஐவி டெஸ்டை உங்கள் சம்மதமில்லாமல் எடுக்கவோ, முடிவை வேலையிடத்துக்குச் சொல்லவோ 2017ஆம் வருட எச்ஐவி சட்டம் அனுமதிக்காது. 2018 செப்டம்பர் 10 முதல் அது அமலில் இருக்கிறது. அதற்கு நான்கு நாள் முன்னால்தான் ஒருபால் உறவைக் குற்றமாக்கிய 377ஆம் பிரிவின் கத்தியை உச்ச நீதிமன்றம் உங்கள் தலைக்கு மேலிருந்து எடுத்தது.

இப்போது காண்டம் ஏன் கிழிந்தது என்பதற்கு வருகிறேன். நீங்கள் போகிறபோக்கில் ஒரு வரி எழுதியிருந்தீர்கள்: "ஜெல் இல்ல, தேங்காய் எண்ணெய்தான் இருந்துச்சு." விடை அங்கேயே இருக்கிறது. சாதாரண காண்டம் லேடெக்ஸ், அதாவது ரப்பர். எண்ணெய் பட்ட ரப்பர் சில நிமிடத்திலேயே வலுவிழக்கும். தேங்காய் எண்ணெய், நல்லெண்ணெய், வாசலின், பாடி லோஷன் எல்லாம் அதே ரகம். வேண்டியது தண்ணீரால் ஆன ஜெல் அல்லது சிலிகான் ஜெல். மெடிக்கலில் 'லூப்ரிகண்ட் ஜெல்லி' என்று கேட்டால் தருவார்கள். ஸ்கேன் எடுப்பதற்கும் வாங்குவார்கள் என்பதால் கடைக்காரர் நிமிர்ந்துகூடப் பார்க்க மாட்டார். எச்சிலைத் தொட்டுச் சமாளிப்பவர்கள் உண்டு. அது சீக்கிரம் காய்ந்துவிடும், தொண்டையில் இருக்கிற கொனோரியாவை இடம் மாற்றிக் கொண்டுபோய் வைக்கவும் செய்யும். இரண்டு காண்டம் ஒன்றன்மேல் ஒன்றாகப் போடுவது இரட்டைப் பாதுகாப்பு இல்லை, உரசிக் கிழியும். பர்ஸில் ஆறு மாதமாக உட்கார்ந்து சூட்டில் வெந்த காண்டத்தையும் நம்பாதீர்கள்.

இன்னும் ரெண்டு பழக்கம். வலி தெரியாமலிருக்க மரத்துப்போகும் க்ரீம் தடவுவது: வலிதான் கிழிகிறது என்று சொல்லும் மணி, அதை அடைத்துவிட்டால் ரத்தம் வந்த பிறகுதான் தெரியும். உறவுக்கு முன் சோப்புத் தண்ணீரால் உள்ளே கழுவுவது: நான் மேலே சொன்ன அந்த ஒற்றை அடுக்கை நாமே உரித்துக்கொடுப்பது. கழுவித்தான் ஆகவேண்டும் என்றால் கொஞ்சமாக வெறும் வெதுவெதுப்பான தண்ணீர் போதும்.

ஓரல் பற்றிச் சுருக்கமாக: எச்ஐவி வரும் வாய்ப்பு மிக மிகக் குறைவு. ஈறில் ரத்தம், வாயில் புண் இருந்தால் கொஞ்சம் கூடும். பல் தேய்த்த கையோடு வேண்டாம். ஆனால் சிஃபிலிஸும் கொனோரியாவும் வாய் வழியாகத் தாராளமாகப் போகும், வரும்.

அடுத்தது அந்த மெசேஜ். "பாசிட்டிவ், ஆனால் அன்டிடெக்டபிள்." இதில் அறிவியல் வேறு, ஆள் வேறு. அறிவியலைக் கண்ணை மூடிக்கொண்டு நம்பலாம். எச்ஐவி மருந்தை ஒழுங்காகச் சாப்பிட்டால், வழக்கமாக ஆறு மாதத்துக்குள் ரத்தத்தில் கிருமி டெஸ்டுக்கே அகப்படாத அளவுக்கு இறங்கிவிடும். அந்த நிலையில் நீடிப்பவரிடமிருந்து உடலுறவில் எச்ஐவி பரவாது. இது ஆறுதலுக்குச் சொல்கிற பேச்சு இல்லை. ஐரோப்பாவில் 14 நாடுகளில் நடந்து 2019-இல் வெளியான பார்ட்னர் 2 ஆய்வில் 782 ஆண் ஜோடிகள், ஒருவர் பாசிட்டிவ், ஒருவர் நெகட்டிவ். காண்டம் இல்லாமல் 76,000-க்கும் மேற்பட்ட தடவை உறவு. பாசிட்டிவ் துணையிடமிருந்து தொற்றியவர் எண்ணிக்கை பூஜ்யம். சிலருக்குக் கிருமி வந்தது உண்மைதான், மரபணுவைச் சோதித்தபோது அது வெளியாட்களிடமிருந்து வந்தது என்று தெரிந்தது.

ஆளை நம்பலாமா என்பது வேறு கேள்வி. எந்த மருந்து, ரத்தத்தில் கிருமி எவ்வளவு என்று பார்க்கும் வைரல் லோடு கடைசியாக எப்போது எடுத்தாய், எவ்வளவு வந்தது என்று கேளுங்கள். உண்மையில் சிகிச்சையில் இருப்பவர் பட்டென்று பதில் சொல்வார். அரசு ஏஆர்டி மையத்தில் டிஎல்டி என்கிற ஒரே மாத்திரை, தினம் ஒன்று, இலவசம். வைரல் லோடு டெஸ்டும் அங்கேயே. என் அனுபவத்தில் தானாக முன்வந்து இதைச் சொல்கிற ஆள் பெரும்பாலும் உண்மையைத்தான் சொல்கிறார், பொய் சொல்வதென்றால் ஒன்றும் சொல்லாமலே இருந்திருப்பார். முன்கூட்டியே சொல்லியிருக்க வேண்டும் என்ற உங்கள் கோபம் நியாயம், அதை மறுக்கவில்லை. ஆனால் ஆப்பில் "நான் க்ளீன்" என்று போட்டுக்கொண்டு ரெண்டு வருடமாக டெஸ்டே எடுக்காதவரைவிட இவர் உங்களுக்குப் பாதுகாப்பானவர். பிளாக் செய்யும் முன் அந்த வைரல் லோடைக் கேட்டுவிடுங்கள். உங்கள் தூக்கத்துக்கு அதைவிட நல்ல மருந்து இப்போதைக்கு இல்லை.

1986-இல் இந்தியாவின் முதல் எச்ஐவி தொற்று சென்னையில்தான் கண்டுபிடிக்கப்பட்டது, மதராஸ் மருத்துவக் கல்லூரியில் சுனிதி சாலமனும் அவர் மாணவி நிர்மலாவும். ரத்த மாதிரிகளை ரயிலில் வேலூருக்குக் கொண்டுபோய்ச் சோதித்தார்கள். அரசு இலவச மருந்து வந்தது 2004 ஏப்ரலில்தான், தாம்பரம் சானடோரியம் முதல் மையங்களில் ஒன்று. இடைப்பட்ட பதினெட்டு வருடத்தில் பாசிட்டிவ் என்று கேட்டவர்களின் பயம்தான் இன்னும் நம் ஊர்க் காற்றில் இருக்கிறது. உங்களை எழுப்பி உட்காரவைப்பது அந்தப் பழைய பயம். இன்று 25 வயதில் பாசிட்டிவ் என்று தெரிந்து உடனே மருந்து ஆரம்பித்தவர் மற்றவர்களைப் போல வயசாகி, சர்க்கரையும் பிரஷரும் வந்து அலுத்துக்கொள்ளலாம்.

ப்ரெப்புக்கு வருவோம். இது நெகட்டிவாக இருப்பவர் முன்கூட்டியே சாப்பிடுவது. டெனோஃபோவிர், எம்ட்ரிசிட்டபைன் இரண்டும் சேர்ந்த ஒரே மாத்திரை. இந்திய கம்பெனிகளே செய்கின்றன. 2010-இல் வந்த ஐப்ரெக்ஸ் ஆய்வு ஆறு நாட்டில் 2,499 பேரிடம் நடந்தது. மொத்தமாகப் பார்த்தால் தொற்று 44 சதவீதம்தான் குறைந்தது. "இவ்வளவுதானா" என்று கைவிடும் முன் உள்ளே பார்த்தார்கள். ரத்தத்தில் மருந்து இருந்தவர்களிடம், அதாவது உண்மையிலேயே சாப்பிட்டவர்களிடம், குறைவு 90 சதவீதத்துக்கு மேல். டப்பாவில் இருக்கிற மாத்திரை காப்பாற்றாது. பிறகு 2015-இல் வந்த ஆய்வுகளில், பிரிட்டனில் தினசரி முறையிலும், பிரான்ஸ், கனடாவில் தேவைப்படும்போது மட்டும் சாப்பிடும் முறையிலும் தொற்று 86 சதவீதம் குறைந்தது.

தேவைப்படும்போது சாப்பிடும் முறை இப்படி: உறவுக்கு 2 முதல் 24 மணி நேரம் முன் ரெண்டு மாத்திரை, முதல் வேளையிலிருந்து 24 மணி நேரத்தில் ஒன்று, 48-இல் இன்னொன்று. எப்போதாவது, அதுவும் முன்கூட்டியே தெரிந்து சந்திப்பவர்களுக்கு இது சரி. திடீரென்று நடக்கும் என்றால் தினசரிதான். ஹெபடைட்டிஸ் பி இருந்தால் இந்த விட்டுவிட்டுச் சாப்பிடும் முறை கூடாது. மருந்து அதையும் அடக்கிவைக்கும், நிறுத்தியதும் கல்லீரலில் அது கிளம்பி ஆடும்.

நீங்கள் நாளைக்கே மெடிக்கலில் வாங்கி விழுங்க வேண்டாம் என்பதற்குக் காரணம் அந்த 21ஆம் நாள். ஒருவேளை உள்ளே கிருமி இருந்து, நீங்கள் இந்த இரண்டு மருந்தை மட்டும் சாப்பிட்டால், கிருமி அவற்றுக்குப் பழகிவிடலாம். எச்ஐவி, சிறுநீரகத்தின் நிலையைச் சொல்லும் கிரியேட்டினின், ஹெபடைட்டிஸ் பி மூன்றையும் பார்த்துவிட்டு டாக்டர் சொன்ன பிறகு ஆரம்பியுங்கள். அதன்பின் மூன்று மாதத்துக்கு ஒருமுறை எச்ஐவி, சிஃபிலிஸ் டெஸ்ட். முதல் சில வாரம் கொஞ்சம் குமட்டும், பெரும்பாலோருக்கு அடங்கிவிடும். ப்ரெப் எச்ஐவியை மட்டும்தான் தடுக்கும். வெட்டைக்கும் பறங்கிப்புண்ணுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. உறவுக்குப் பிறகு 72 மணி நேரத்துக்குள் டாக்ஸிசைக்ளின் 200 மில்லிகிராம் சாப்பிட்டால் சிஃபிலிஸும் கிளமிடியாவும் நன்றாகக் குறைகிறது என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. அதையும் டாக்டர் சொல்லித்தான், சொந்தமாக வேண்டாம்.

லெனகாபவிர் என்ற ஊசி 2025 ஜூனில் அமெரிக்காவில் ப்ரெப்புக்கு அனுமதி பெற்றது. வருடத்துக்கு இரண்டே ஊசி. ஆய்வில் அதைப் போட்டுக்கொண்ட 2,179 பேரில் தொற்று வந்தது 2 பேருக்கு. டாக்டர் ரெட்டீஸ், ஹெட்டெரோ இரண்டும் 2027 முதல் ஏழை, நடுத்தர நாடுகளுக்கு வருடத்துக்கு 40 டாலர் விலையில் தருவதாக அறிவித்திருக்கின்றன. மாத்திரை டப்பாவை அம்மா கண்ணில் படாமல் ஒளிக்க இடம் தேடுகிற நம் பிள்ளைகளுக்கு இதன் அருமை புரியும்.

தடுப்பூசியை மறந்துவிடாதீர்கள். ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசி குழந்தைகள் அட்டவணையில் நாடு முழுக்க வந்தது 2011-இல், நீங்கள் அதற்கு முன்னால் பிறந்தவர். டெஸ்ட் எடுத்து, இல்லையென்றால் 0, 1, 6 மாதக் கணக்கில் மூன்று ஊசி. எச்பிவி தடுப்பூசி பெண்களுக்கு மட்டும் என்று நினைக்கிறார்கள், ஆசனவாய்ப் புற்றையும் அங்கே வரும் மருவையும் உண்டாக்குவது அதே கிருமிதான். 26 வயது தாண்டுவதற்குள் போட்டுக்கொண்டால் பலன் அதிகம். அவசரப்படுங்கள்.

'ஹை ஃபன்' என்று ப்ரொஃபைலில் போட்டிருப்பவர் யாராவது கூப்பிட்டால், அது போதைப்பொருளோடு உறவு. அந்த நிலையில் காண்டமும் ஞாபகம் இருக்காது, மாத்திரை நேரமும் இருக்காது. ஊசியைப் பகிர்ந்தால் ஹெபடைட்டிஸ் சி கூடவே வரும். ஜிஹெச்பி என்கிற திரவத்தோடு மதுவைச் சேர்த்தால் மூச்சே நின்றுபோகலாம்.

கடைசியாக, பெண் பார்க்கும் விஷயம். இதில் டெஸ்ட் ரிப்போர்ட் பதிலாகாது. கல்யாணம் செய்துகொண்டு பழைய வாழ்க்கையையும் பக்கத்தில் வைத்துக்கொண்ட ஆண்கள் என் மேசைக்கு எத்தனையோ பேர் வந்தார்கள். அவர்களில் சிலருக்குப் பின்னால் கர்ப்பகால டெஸ்டில் பாசிட்டிவ் வந்த மனைவியும் வந்தாள். என்ன ஆபத்தில் இருக்கிறோம் என்பதே அவளுக்குத் தெரியாது, தெரியாதவள் காண்டம் கேட்க முடியுமா? ஆண், பெண் இருவர்மீதும் ஈர்ப்புள்ளவர், தன்னைப் பற்றிச் சொல்லி, அவளும் தெரிந்தே சம்மதித்தால் அது அவர்கள் இருவர் வாழ்க்கை. நீங்கள் ஆண்கள்மீது மட்டும்தான் என்று முதல் வரியிலேயே எழுதிவிட்டீர்கள். உண்மையைச் சொல்ல இப்போது தைரியமில்லையென்றால், வேலை, கடன், ஜாதகம் எதையாவது சொல்லி அந்தப் பேச்சைத் தள்ளிப்போடுங்கள். அந்தப் பொய்யால் யாருக்கும் நோய் வராது.

பேச ஆள் வேண்டுமென்றால் 1097, அரசின் இலவச எச்ஐவி உதவி எண், தமிழிலும் பேசலாம். சென்னைப் பக்கம் வந்தால் 1998-இல் தொடங்கிய சகோதரன் அமைப்பு இருக்கிறது. மற்ற மாவட்டங்களிலும் இப்படிக் களப்பணி செய்கிறவர்கள் உண்டு, நம்பிக்கை மையத்தில் கேட்டால் சொல்வார்கள். காண்டமும் ஜெல்லும் கொடுப்பார்கள், தனியாகப் போகக் கூச்சமாக இருந்தால் கூட வருவார்கள்.

அப்புறம் ஒன்று. நாளைக்கு எச்ஐவியோடு விடிஆர்எல்லும் ஹெபடைட்டிஸ் பி, சி-யும் சேர்த்து எழுதச் சொல்லுங்கள். இன்னும் 24 நாளில் 45 வரும், அன்றைக்கும் அதே நான்கையும் எடுங்கள். எதற்கும் வெறும் வயிறு தேவையில்லை. சாப்பிட்டுவிட்டே போங்கள்.